பாதி மாடு, பாதி அம்சவல்லி

ஒரகடத்தைச் சுற்றி எழுபத்தொன்பதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் கட்டிய புது வீடுகளில் முதலில் காலெடுத்து வைத்தது யார் என்று கேட்டால், பசுமாடு என்பார்கள். அது பாதி உண்மைதான். மாட்டின் கழுத்தில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் அம்சவல்லி இருந்தாள். மாடு போன இடமெல்லாம் அவளும்தான் போனாள். ஆனால் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஊரும் புரோகிதரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். அந்த முடிவினால்தான் தனக்குப் பிழைப்பு நடந்தது என்பதால் அவளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

கிரகப்பிரவேசத்துக்குப் பசுவைக் கூட்டிப்போவது முதலில் அவள் புருஷன் பார்த்த வேலை. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், வீட்டில் மகாலட்சுமி என்று ஒரு நாட்டுப் பசு, நல்ல நாட்களில் யாராவது வந்து கூப்பிட்டால் பசுவைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி ஓட்டிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது ஒரு வேட்டி, படி அரிசி, தேங்காய் பழம் வரும். எழுபத்தொன்பதில் மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி கிடையாது. அம்சவல்லிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது.

அவன் போன மூன்றாம் மாசம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வீடு கட்டி முடித்தார். மகாலட்சுமியை ஓட்டிப்போக வாத்தியாரின் தம்பியே வந்தான். மாடு கொட்டகையை விட்டு வாசல் வரைக்கும் வந்தது, தெருவில் இறங்கி நடந்தது, புது வீட்டின் முதல் படியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அகத்திக் கீரை காட்டினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள். அது ஊன்றிய காலை எடுக்கவில்லை. புரோகிதர் கோதண்டராமன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர் அவர், சுற்றுவட்டாரத்தில் எல்லா நல்ல காரியத்துக்கும் அவர்தான். கடைசியில் அம்சவல்லிக்கு ஆள் அனுப்பினார்.

அம்சவல்லி வந்தாள், ஆனால் எதிர்ச்சாரியில் மின்கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"நான் எப்டி சாமி உள்ள வர்றது? தாலியறுத்து மூணு மாசங்கூட ஆவல."

கோதண்டராமன் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

"கயிறு உன் கையில இருக்கற வரைக்கும் நீ பசுவோட சேர்த்தி. உன்னைத் தனி ஆளா எடுத்துக்கப்படாது. கயிறு கையை விட்டுதுன்னா அந்த நிமிஷமே வெளியில வந்துடணும். புரிஞ்சுதா?"

எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முகூர்த்தம் தப்பப் போகிற நேரத்தில் பிறக்கிற சாஸ்திரத்துக்கு யாரும் ஏடு கேட்பதில்லை. அம்சவல்லி கயிற்றை வாங்கினாள். மகாலட்சுமி அவளை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் படியேறியது.

அன்றைக்கு ஒரகடத்தில் புதிதாக ஒரு பிறவி உண்டாயிற்று. கோவில் தூணில் யாளி இருக்கிறது, சிங்கத்து உடம்பும் யானைத் தும்பிக்கையுமாக. சிங்கப்பெருமாள் கோவிலில் சாமியே பாதி சிங்கம், பாதி மனிதர். ஒரகடத்தில் பாதி மாடு, பாதி அம்சவல்லி. அதற்கு நாலு மாட்டுக்கால், இரண்டு மனுஷக் கால், நடுவே ஒரு முழக்கயிறு. அந்தப் பிறவிக்கு எல்லா வீட்டு வாசலும் திறந்தது. கயிறு அறுந்தால் அதில் பாதி லட்சுமி, மறு பாதி மூளி.

வேலையை அவள் புருஷனைவிட நன்றாகவே கற்றுக்கொண்டாள். புதுத் தரையில் மாட்டுக் குளம்பு வழுக்கும், அதற்கு நனைத்துப் பிழிந்த சாக்கை வாசலிலிருந்து நடுக்கூடம் வரைக்கும் விரிக்க வேண்டும், காய்ந்த சாக்கு என்றால் அதுவே வழுக்கிவிடும். மேளக்காரர் மாட்டின் காதுக்கு நேராக நிற்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மாடு உள்ளே போய்க் கோமியம் விட வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய சகுனம் கிடையாது. விடாவிட்டால் முகம் தொங்கிவிடும். அம்சவல்லி புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தவிட்டுத் தண்ணீரை வயிறு முட்டக் காட்டுவாள். நடுக்கூடத்தில் மந்திரம் உச்சத்துக்குப் போகும்போது வாலுக்குக் கீழே விரலால் மெல்ல நீவி விடுவாள். பதினோரு வருஷத்தில் மகாலட்சுமி ஒரு வீட்டுக்காரரையும் ஏமாற்றியதில்லை.

கூப்பிட வருகிறவர்கள், "வெள்ளிக்கிழம காலைல மாட்ட ஓட்டிகினு வந்துடு" என்பார்கள். நீ வா என்று ஒருவரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மரகதமும் சொன்னதில்லை. மரகதத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வேலிதான். கல் உப்பிலிருந்து கண்ணீர் வரைக்கும் அந்த வேலி வழியாகத்தான் போய்வரும். அந்த மரகதமே எண்பத்தாறில் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடாகக் கட்டியபோது வேலியோரம் வந்து, "மாட்ட ஓட்டிகினு வாக்கா" என்றாள். அம்சவல்லி போனாள். பூஜை முடிந்து கயிற்றைத் தூணில் கட்டச் சொன்னார்கள், கட்டினாள், கட்டிய கையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். மத்தியானம் மரகதம் சோற்றைத் தூக்கில் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆனாலும் அம்சவல்லிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சொல்லப்போனால் உயிராக இருந்தது. ஊரில் ஒரு கல்யாணத்தில் அவள் நின்றால், பெண் புறப்படும்போது, "அம்சா, கொஞ்சம் அப்பால போ" என்று ஒரு குரல் வரும். புது வீட்டில் மட்டும், ஈரம் காயாத சுண்ணாம்பு வாசனைக்குள், வீட்டுக்காரிக்கும் முன்னால் அவள் பாதம் பட்டது. அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவள் முந்தின நாளிலிருந்தே சந்தோஷமாக இருப்பாள். வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று சொல்ல மாட்டாள்.

தொண்ணூற்றொன்றில், மாட்டுப் பொங்கலுக்கு மறுவாரம், மகாலட்சுமி செத்துப்போனது. வயதாகிவிட்டது, வேறு காரணம் இல்லை. கொட்டகையில் மிஞ்சியது அது ஈன்ற பொன்னி. கால்நடை மருத்துவமனையில் சினை ஊசி போட்டுப் பிறந்த ஜெர்சிக் கலப்பு. தேன் நிறம், கரிய முகம், நல்ல சாது, இரண்டு மாசம் முன்னால்தான் கன்று போட்டிருந்தது. மகாலட்சுமி செய்ததையெல்லாம் கன்றாக இருந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்ததால் படியேறவும் தெரியும். ஒரே ஒரு குறை, திமில் இல்லை. கழுத்திலிருந்து வால் வரைக்கும் பலகை மாதிரி ஒரே மட்டம்.

தை கடைசி முகூர்த்தத்துக்குப் பொன்னியை ஓட்டிக்கொண்டு போனாள். கோதண்டராமன் வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இதை உள்ள விடப்படாது அம்சவல்லி. திமில்லதான் சூரிய நாடி ஓடறது. அது இல்லாதது பசுவே இல்லை. சீமையில என்னத்தோட என்னத்தைக் கலந்தானோ."

என்னத்தோடு கலந்தான் என்பதில் டீக்கடைக்குச் சந்தேகமே இல்லை. பன்றியோடு கலந்தான் என்று ஒருவர், இல்லை, மான் என்று இன்னொருவர். அதனால்தான் கண்ணுக்கு மை இட்ட மாதிரி இருக்கிறதாம். ஒரு லாரி டிரைவர், வடக்கே ஏதோ ஊரில் சீமை மாடு மனுஷ முகத்தோடு கன்று போட்டதைத் தானே பார்த்ததாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டால் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். இவர்கள் எல்லோர் வீட்டிலும் காலையில் காப்பிக்குப் போனது அந்த மாதிரி மாட்டின் பால்தான்.

அம்சவல்லி வீட்டுச் சுவரில் உரக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. காமதேனு படம். பெண் முகம், பசு உடம்பு, இரண்டு பக்கமும் பட்சி இறக்கை, பின்னால் மயில் தோகை. அவள் அதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்க் கோதண்டராமன் முன்னால் விரித்தாள்.

"இதுல எத்தினி கலந்துகீது பாருங்க சாமி. திமிலு எங்க கீது, காட்டுங்க."

கோதண்டராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிஜமாகவே தேடினார். இறக்கை முளைத்திருந்த இடத்தில் திமில் தெரியவில்லை. ஆனால் வாதத்தில் தோற்பதற்கா அவர் நாற்பது வருஷம் பஞ்சாங்கம் படித்தார்?

"அது தெய்வம் கலந்தது. இது ஆஸ்பத்திரியில கலந்தது" என்றார்.

அவள் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அடுத்த ஏழு மாசம் முகூர்த்தங்கள் எல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் சுப்பராயனுக்குப் போயின. அவனிடம் ஆளுயரத்துக்கு ஒரு நாட்டுப் பசு, கழுத்துக்கு மேலே கலசம் கவிழ்த்த மாதிரி திமில். அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வருவான். தை போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. பால் ஊற்றி வயிறு நிறைந்தது, அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் தெருவில் மேளச் சத்தம் கேட்டால் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் சாகிற வரைக்கும் எந்த நல்ல காரியத்துக்கும் உள்ளே போக முடியாது என்பது அந்த ஏழு மாசத்தில் அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

ஆவணியில் ஒரு வழி பிறந்தது. சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் சென்னைக்காரர் ஒருவர், வசந்தகுமார் என்று பேர், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்ய ஒரு ஷெட் போட்டிருந்தார். முன்னால் ஆபீஸ் கட்டிடம், மூன்று கருங்கல் படி, பளபளவென்று மொசைக் தரை. திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சுப்பராயன் மாட்டுக்குக் கோமாரி வந்து குளம்பு வெடித்துவிட்டது. கோதண்டராமன் அம்சவல்லி வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

"உனக்கு நாலு ஊர்ல மனுஷா இருக்காளே. திமில் இருக்கற மாடா ஒண்ணு கிடைக்குமா?"

"வாலாஜாபாத்துல எங்க பெரியம்மா வூட்ல ஒண்ணு கீது சாமி. ஓட்டியாறேன்" என்றாள் அம்சவல்லி.

வாலாஜாபாத்தில் அவளுக்குப் பெரியம்மாவும் கிடையாது, மாடும் கிடையாது. பொய் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் வேலியோரம் போய் மரகதத்தைக் கூப்பிட்டாள். மரகதம் வீட்டில் தையல் மிஷின் இருந்தது.

"எனக்கு ஒரு திமிலு தெச்சிக் குடு" என்றாள்.

மரகதம் சிரித்தாள். அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

முதலில் காடாத்துணியில் பை தைத்து வைக்கோல் அடைத்தார்கள். அது குத்தியதோ என்னவோ, பொன்னி உடம்பை உலுக்கி உலுக்கி அதைக் கீழே தள்ளியது. வைக்கோலை எடுத்துவிட்டு ஒரு பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைத்தார்கள். அளவு தெரியவில்லை. ஒரு தடவை ஒட்டகம் மாதிரி ஆயிற்று, ஒரு தடவை கட்டி புறப்பட்ட மாதிரி ஆயிற்று. மூன்றாம் நாள்தான் சரியாக வந்தது. இரண்டு பக்கமும் நாடா வைத்து முன்னங்கால்களுக்குப் பின்னால் வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே மரகதத்தின் முகூர்த்தப் புடவையை மடித்துப் போர்த்தி, அதன்மேல் சாமந்தி மாலை போட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சுப்பராயன் மாடு தோற்றது.

"ஐயரு கண்டுபுட்சிட்டா இன்னாக்கா பண்ணுவ?"

"அதுக்கு மேல அசிங்கப்பட இன்னா கீது" என்றாள் அம்சவல்லி. சொல்லிவிட்டு நாடாவின் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

முகூர்த்தம் காலை ஆறேமுக்காலிலிருந்து ஏழேகால். அம்சவல்லி மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு ஆறரைக்கே போய்விட்டாள். தவிட்டுத் தண்ணீர் காட்டியாயிற்று, சாக்கு நனைத்துக் கொண்டுவந்தாயிற்று. வாசலில் வாழைமரம், நாகஸ்வரம், நீல உடுப்புப் போட்ட வேலைக்காரர்கள் முப்பது பேர். வசந்தகுமாரின் மனைவி சசிகலா பட்டுப் புடவையில் நின்று ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டராமன் மாட்டைச் சுற்றி வந்தார்.

"வாலாஜாபாத் மாடா?"

"ஆமா சாமி."

"லட்சணமாத்தான் இருக்கு."

நெற்றியில் குங்குமம் வைத்தார், கொம்புக்குப் பூச் சுற்றினார், புடவைக்கு மேலாகத் திமிலில் சந்தனம் வைத்தார். விரல் முதல் கணு வரைக்கும் உள்ளே போயிற்று. அவர் விரலை எடுத்துப் பார்த்தார். பிறகு அம்சவல்லியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"கொழுகொழுன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் மந்திரத்தை ஆரம்பித்தார்.

முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. பொன்னி அம்மாவைப் போலவே ஏறியது. மொசைக்கில் விரித்திருந்த சாக்கில் முன்னங்காலை வைத்தது. சாக்கு ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ நல்லெண்ணத்தில் தரையை முந்தின நாள் மெழுகுபோட்டுத் துடைத்திருந்தார்கள். சாக்கோடு சேர்ந்து கால் ஒரு முழம் முன்னால் போயிற்று. பொன்னி உடம்பை வெட்டி இழுத்து நின்றுகொண்டது. நாடா அறுந்தது. திமில் இடது பக்கமாக நழுவி, புடவைக்கு அடியிலேயே இறங்கி, வயிற்றோரம் வந்து இரண்டாவது மடி மாதிரி தொங்கியது.

முதலில் சிரித்தது நாகஸ்வரக்காரர். ஊதிக்கொண்டிருந்ததால் அது வாத்தியத்தில் வந்தது. அப்புறம் நீல உடுப்புகள் எல்லாம் சிரித்தன.

அம்சவல்லி இரண்டு கையாலும் பாய்ந்து அந்த மூட்டையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, கயிறு தரையில் கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வாசலுக்குள்ளும் அவள் கையை விட்டுப் போகாத கயிறு.

அவள் கோதண்டராமனைப் பார்க்கவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். சாக்கில் மிதிக்காமல் ஓரமாக நடந்து நிலைவாசலைத் தாண்டிப் படியிறங்கினாள். மூன்றாம் படியில் கண் நிறைந்துவிட்டது. அவமானம்தான். பொய் பிடிபட்டதைவிட, இனிமேல் இல்லை என்பதுதான் அவளை அழவைத்தது.

பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. பொன்னி அந்த வழுக்குத் தரையிலேயே நிதானமாகத் திரும்பி, கயிற்றை இழுத்துக்கொண்டு, அவள் பின்னால் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கன்று அதன் பின்னால்.

"மாட்டை வெளியில விடாதேள். முகூர்த்தத்துல லட்சுமி வெளியில போகப்படாது" என்றார் கோதண்டராமன்.

வாட்ச்மேன் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து உள்ளே இழுத்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பொன்னி நிலைப்படிக்கு உட்புறம் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, அம்சவல்லியைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. அப்புறம் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. வசந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐந்து.

சசிகலா ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள்.

"உள்ள வாம்மா" என்றாள்.

அம்சவல்லி அவளையே பார்த்தாள். அந்தப் பெண் மாட்டைச் சொல்லவில்லை.

"நான் வரக் கூடாதும்மா. கயிறு எங்கையில இல்ல."

"அது என்ன கயிறு?"

"கயிறு புடிச்சிகினு இருந்தா நான் மாட்டோட சேத்தி. வுட்டுட்டா தாலியறுத்தவ. ஐயரு அப்பவே சொல்லிகீறாரு."

சசிகலா திரும்பிப் புரோகிதரைப் பார்த்தாள். அவர் பஞ்சாங்கத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவ்ளோதானே" என்றார் வசந்தகுமார், தொழிற்சாலை நடத்துகிறவருக்கு உரிய அவசரத்தோடு. "அந்தக் கயித்த அந்தம்மா கையில குடுப்பா."

வாட்ச்மேன் படியில் நின்றபடி கயிற்றின் முனையை நீட்டினான். கைக்கு எட்டும் தூரம்தான். வாங்கிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் மறுபடியும் மாட்டோடு சேர்த்தி. அம்சவல்லி கையை நீட்டப் போனாள். கையில் மூட்டை இருந்தது. மூட்டையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். மாட்டுக்கு இது, தனக்கு அது. இரண்டுமே வாசலில் நிற்கிறவர்களின் கண்ணுக்காகக் கட்டியது. ஒன்று எல்லோர் முன்னாலும் அவிழ்ந்து விழுந்தாகிவிட்டது. மானம் போன பிறகு பயப்பட என்ன இருக்கிறது? அதைவிட, சற்று முன் அந்தப் பெண் "உள்ள வாம்மா" என்று சொன்னாளே, அதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை.

"கயிறு வேணாம். அத்த மாட்டு கழுத்துலயே சுத்தி வுடுங்க" என்றாள். பிறகு சசிகலாவிடம், "நீ இன்னொரு தபா கூப்புடும்மா. கூப்ட்டா வரேன்" என்றாள்.

சசிகலாவுக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அவள் அம்சவல்லியின் முழங்கையைத் தொட்டு, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றாள்.

கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு எட்டு ஆகியிருந்தது.

அம்சவல்லி முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வலது காலை எடுத்துப் படியில் வைத்தாள். பொன்னி அவளுக்கு வழிவிட்டு, அவள் உள்ளே போனதும் திரும்பி அவள் பின்னாலேயே நடந்தது. முன்னால் வெறுங்கழுத்தோடு அவள், பின்னால் திமில் இல்லாத மாடு, அதன் பின்னால் கன்று. நடுக்கூடத்துக்கு வந்ததும் அம்சவல்லி கைப்பழக்கத்தில் வாலுக்குக் கீழே நீவி விட்டாள். பொன்னி மொசைக் தரை நிறையக் கோமியம் விட்டது. வசந்தகுமார் தன் பட்டு வேட்டி நனைவதைக் கூடப் பார்க்காமல் கும்பிட்டார். நாகஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. கோதண்டராமன் செம்பை ஏந்திக் கோமியம் பிடித்து, மாவிலையால் நாலு மூலைக்கும் தெளித்தார். அம்சவல்லி பக்கம் வந்தபோது அவள் மேலேயும் நாலு துளி விழுந்தது.

"சூரிய நாடி?" என்று கேட்டாள் அவள், மெதுவாக.

"பஞ்சுலயா ஓடறது?" என்றார் அவர். "அந்த மூட்டையை இனிமே எங்கேயும் எடுத்துண்டு வராதே."

முதல் பந்தியிலேயே அவளுக்கு இலை போட்டார்கள். வடையை அவள் சாப்பிடவில்லை, மரகதத்துக்கு மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். கூப்பிட வந்தவர்கள் பழையபடி, "மாட்ட ஓட்டிகினு வா" என்றார்கள். அம்சவல்லி, "என்ன கூப்புடு. நான் வந்தா அது வரும்" என்றாள். அதைக் கேட்டு நாலு பேர் சுப்பராயனிடம் போனார்கள். இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். கோதண்டராமன் கேட்கிறவர்களிடமெல்லாம், கன்றோடு கூடி, கூப்பிடாமலே வீட்டுக்குள் வருகிற பசுவுக்குத் திமில் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு புதுச் சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர்களோ, திறப்பு விழாவன்று அந்த மாட்டின் விலாவில் இறக்கை முளைத்துப் புடவைக்கு அடியில் புடைத்ததை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, அம்சவல்லி பால் கறந்துகொண்டிருந்தபோது மரகதம் வந்தாள். வேலி வழியாக வரவில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலைப் பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. அவள் பெண் காவேரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது ஊருக்கே தெரியும். ஊரில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாகிவிட்டது என்பதும் அம்சவல்லிக்குத் தெரியும்.

"எந்நேரத்துக்கு ஓட்டிகினு வரணும்?" என்று கேட்டாள் அம்சவல்லி, மடியிலிருந்து கையை எடுக்காமல்.

"கல்யாணத்துக்கு எதுக்குக்கா மாடு?" என்றாள் மரகதம். "நீ வா."